'பன்னி' என்றால் 'வாங்க': தருமபுரிக்கு வேண்டிய ஆறு வாக்கியங்கள்

ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பரிசல் துறைக்குப் போகிற வழியில் மீன் வறுக்கிற அம்மா, எண்ணெய் மசாஜுக்குக் கூப்பிடுகிறவர், பரிசல் ஓட்டுகிறவர் என்று எல்லோரும் வருகிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொழியை மாற்றிக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் என்றால் கன்னடம். சித்தூர் பக்கத்து ஆட்கள் என்றால் தெலுங்கு. அதற்கும் வடக்கே என்றால் இந்தி. யாரும் வகுப்புக்குப் போய்ப் படித்ததில்லை. இலக்கணம் சரியாக இருக்குமா என்றால் இருக்காது. ஆனால் வேலை நடக்கும்.

இப்போது அதே மாவட்டத்தில் ஏதாவது ஒரு அலுவலகத்தின் முன்மேசையை நினைத்துப் பாருங்கள். வங்கியோ, மருத்துவமனையோ, தாலுகா ஆபீஸோ, எதுவாகவும் இருக்கட்டும். அங்கே மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்தான். அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய், பேசத் தெரிந்த பையனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

இரண்டு இடங்களுக்கும் என்ன வித்தியாசம்? பரிசல்காரருக்கு வருகிறவர் தேவை. அதனால் அவர் கற்றுக்கொள்கிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு வருகிறவர் தேவையில்லை. வருகிறவருக்குத்தான் அவர் தேவை. மொழியைக் கற்கிற பாரம் எப்போதும் தேவை உள்ளவர் தலையில்தான் விழும். யாராவது வேண்டுமென்றே அதைத் திருப்பிப் போட்டால் ஒழிய இது மாறாது. அப்படித் திருப்பிப் போட்ட ஒரு நாட்டைப் பற்றியும், அதிலிருந்து தருமபுரி எடுத்துக்கொள்ளக்கூடியது பற்றியும்தான் இந்தக் குறிப்பு.

வேல்ஸில் செய்தது என்ன?

பிரிட்டனின் மேற்குப் பக்கம் இருக்கிற வேல்ஸுக்குச் சொந்த மொழி உண்டு, வெல்ஷ். 1536இல் வந்த சட்டம் நீதிமன்றங்களில் ஆங்கிலம்தான் என்றது. ஆங்கிலம் தெரியாதவருக்குப் பதவி கிடையாது என்றும் சொன்னது. அடுத்த நானூறு வருஷத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். இந்த ஐந்தரை லட்சம் பேரில் அநேகமாக எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். அதனால் "அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, எதுக்கு வெல்ஷ்?" என்று கேட்பது ரொம்ப சுலபம்.

2011இல் வந்த வெல்ஷ் மொழிச் சட்டம் அந்தக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்தது. வெல்ஷுக்கு அதிகாரப்பூர்வ நிலை கொடுத்தது, மொழி ஆணையர் ஒருவரை நியமிக்க வழி செய்தது, பொது அமைப்புகள் எந்தெந்த இடத்தில் வெல்ஷ் பயன்படுத்த வேண்டும் என்று விதிகள் வகுக்க அதிகாரம் தந்தது. அந்த விதிகளில் சில ரொம்பச் சின்னவை. தொலைபேசியை எடுத்தால் முதல் வணக்கம் வெல்ஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் தெரியாதா? பரவாயில்லை, தெரிந்தவரிடம் மாற்றிவிடலாம்.

அங்கே மருத்துவத் துறையில் புழங்குகிற ஒரு கருத்து எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் வார்த்தையில் 'கேட்காமலே கொடுப்பது' என்று சொல்லலாம். நோயாளி "வெல்ஷ் தெரிந்தவர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைதான் முதலில் "வெல்ஷில் பேசலாமா?" என்று கேட்க வேண்டும். காரணம் எளிமையானது. உடம்பு முடியாமல் வந்தவர் உரிமை கேட்கிற மனநிலையில் இருக்கமாட்டார். மறதி நோய் வந்த முதியவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து, சின்ன வயசு மொழிக்கே திரும்பிப் போவதும் உண்டு.

இன்னொன்று, ஆரஞ்சு நிற பேட்ஜ். பேச்சுக் குமிழ் வடிவத்தில் இருக்கும். 'வேலை மொழி' என்று பொருள்படும் இரண்டு வெல்ஷ் சொற்கள் அதில் இருக்கும். இதைக் குத்திக்கொண்டவரிடம் வெல்ஷில் பேசலாம் என்று அர்த்தம். இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. வேலை செய்கிறவர்களுக்காகப் பத்து மணி நேர இணையப் பாடமும் வைத்திருக்கிறார்கள். வணக்கம், வாங்க, உட்காருங்க, நன்றி என்ற அளவில்தான். கதை எழுதவோ கவிதை படிக்கவோ அது போதாது. வருகிறவரை வரவேற்கப் போதும்.

தருமபுரியில் யார் விருந்தாளி?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வேல்ஸில் வெல்ஷ் என்பது மண்ணின் மொழி. தருமபுரியில் மண்ணின் மொழி தமிழ்தானே, கன்னடமும் தெலுங்கும் வந்தவர்களின் மொழிதானே என்று தோன்றும்.

பாதிதான் சரி. அதியமான் ஆண்ட தகடூர் இது; ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில்தான் 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் ஆட்சி செய்தார்கள். அவர்கள் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் தருமபுரியிலேயே இருக்கின்றன. மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நல்லம்பள்ளி, பஞ்சப்பள்ளி. அப்புறம் மாரண்டஹள்ளி. தமிழ் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆகும். ஒரே மாவட்டத்துக்குள், ஒரு பஸ் பயண தூரத்தில், பள்ளியும் ஹள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்தான். 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' நம்ம கல்லேதான். புகைகிற கல்.

1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கோடு எங்காவது ஒரு இடத்தில் விழுந்துதானே ஆக வேண்டும்? விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களும், அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்ட பிறகும் இங்கே தமிழுக்கு அடுத்தபடியாகத் தெலுங்கும், பிறகு கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கின்றன. ஆகவே பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு கன்னடப் பாட்டி விருந்தாளி இல்லை. வீட்டுக்காரி. நம் அலுவலகத்தில்தான் அவரை விருந்தாளி மாதிரி நிற்க வைத்திருக்கிறோம்.

ஒரு பழைய செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து பாரமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. தருமபுரியும் அதில் அடக்கம். அங்கே வரி வசூல் நிர்வாகத்துக்குச் சென்னையின் சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு, அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியைக் கார்ன்வாலிஸ் நியமித்தார். உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகள் தெரியாது என்பது அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம். வரி வாங்க வந்த அந்நியனுக்கே மொழி தெரியாமல் இங்கே வேலை ஆகாது என்று புரிந்திருக்கிறது. சேவை செய்ய உட்கார்ந்திருக்கிற நமக்கு அது இன்னும் எளிதாகப் புரிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறையில்லை. அரசியலமைப்பின் 350ஆவது பிரிவின்படி, யாரும் தன் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படுத்தப்படுகிற எந்த மொழியிலும் மனுவாகக் கொடுக்கலாம். 1956இல் ஒன்றிய அரசு மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் பற்றி ஒரு குறிப்பாணை தயாரித்தது. ஒரு பகுதியில் சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 சதவீதம் இருந்தால், முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடலாம் என்றது அது. நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டும் காகிதத்தைப் பற்றிப் பேசுகின்றன: மனு, அறிவிப்பு. எழுதத் தெரியாத ஒருவர் மேசை முன்னால் வந்து நிற்கும்போது முதல் அரை நிமிஷத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது அதில் இல்லை. அந்த அரை நிமிஷத்தில்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.

அந்த அரை நிமிஷத்தின் மதிப்பு தருமபுரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரிய வியாதி என்றால் நம்மில் பலர் போவது பெங்களூருக்குத்தானே? புற்றுநோய் என்றால் கித்வாய், நரம்பு என்றால் நிம்ஹான்ஸ், இதயம் என்றால் ஜெயதேவா. சில வருஷத்துக்கு முன்னால் என் பெரியம்மாவோடு அங்கே ஒரு மருத்துவமனையில் நாள் கணக்கில் காத்திருந்தேன். பெரியம்மாவுக்குத் தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. மூன்று நாள் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நாலாம் நாள் ஒரு நர்ஸ் வந்து, கன்னட வாடையோடு, "அம்மா, சாப்டீங்களா? எங்க வலி?" என்றார். அவருக்கு அதற்கு மேல் தமிழ் வராது. ஆனால் பெரியம்மா, மூன்று நாளாக எங்களிடம்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது என்பதை, அந்த அம்மாவிடம் கையால் தொட்டுக் காட்டினார். டாக்டருக்கு அது முக்கியமான தகவலாக இருந்தது. நர்ஸுக்குத் தெரிந்தது நாலே நாலு வார்த்தை. 'இவங்ககிட்ட சொல்லலாம்' என்ற தைரியம் அதிலிருந்து வந்துவிட்டது.

'கொத்தில்லா'வும் 'ஸ்வல்ப'வும்

பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நம்ம பையன்கள் முதலில் கற்கிற கன்னட வாக்கியம் "கன்னட கொத்தில்லா". கன்னடம் தெரியாது என்று பொருள். உண்மைதான், ஆனால் அது கதவைச் சாத்துகிற வாக்கியம். அதே உண்மையை "ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ" என்றும் சொல்லலாம். கொஞ்சம் கொஞ்சம் வரும். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் வேகத்தைக் குறைப்பார், சின்னச் சொல்லாகப் பொறுக்குவார், கையைப் பயன்படுத்துவார். மொழி அறிவு இரண்டு வாக்கியத்திலும் ஒன்றுதான்.

அதனால் வெறும் வணக்கத்தோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. "நமஸ்காரா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு முழிப்பது, வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வது மாதிரி. வணக்கத்துக்கு அடுத்து என்ன என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். என் கணக்கில் மொத்தம் ஆறு வாக்கியம்:

1. வாங்க, உட்காருங்க. கன்னடம்: பன்னி, கூத்கொள்ளி. தெலுங்கு: ரண்டி, கூர்ச்சோண்டி.
2. சொல்லுங்க, என்ன வேணும்? கன்னடம்: ஹேளி, ஏனு பேகு? தெலுங்கு: செப்பண்டி, ஏம் காவாலி?
3. எனக்குக் கொஞ்சம்தான் வரும். கன்னடம்: நனகெ ஸ்வல்ப கன்னட பருத்தெ. தெலுங்கு: நாக்கு கொஞ்செம் தெலுகு வச்சு.
4. மெதுவாகச் சொல்லுங்க. கன்னடம்: நிதானவாகி ஹேளி. தெலுங்கு: மெல்லகா செப்பண்டி.
5. ஒரு நிமிஷம் இருங்க. கன்னடம்: ஒந்து நிமிஷ இரி. தெலுங்கு: ஒக்க நிமிஷம் உண்டண்டி.
6. தெரிந்தவரைக் கூப்பிடுகிறேன். கன்னடம்: கன்னட பரோரன்ன கரீதீனி. தெலுங்கு: தெலுகு வச்சின வாள்ளனி பிலுஸ்தானு.

மருத்துவமனை என்றால் ஏழாவதாக ஒன்று: எங்கே வலி? கன்னடத்தில் "எல்லி நோவு?" நோவு நம்ம நோவுதான், மாற்றமே இல்லை.

உச்சரிப்பில் ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதினால் 'பன்னி' என்றுதான் வரும். அதைத் தமிழ்ப் 'பன்னி'யாகவே வாசித்தால் வந்தவருக்குக் கோபம் வராது. பக்கத்தில் நிற்கிற தமிழருக்கு வரும்! 'தம்பி' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய 'பி' இருக்கிறதே, அந்த ஒலியில் ஆரம்பிக்க வேண்டும். 'பேகு', 'பருத்தெ', 'பரோர' எல்லாவற்றுக்கும் அதே விதி. தெலுங்கு 'ரண்டி'யை இந்திக்காரரிடம் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அது கெட்ட வார்த்தை.

இரண்டு ஒலி மாற்றம் தெரிந்தால் பாதிக் கன்னடம் நம் கையில். முதலாவது, நம் 'ப' அங்கே 'ஹ': பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. இரண்டாவது, நம் 'வ' அங்கே மெல்லிய 'ப': வா பா, வேர் பேரு, வில் பில்லு. 'பன்னி'யே நம்ம 'வாங்க'வின் உறவுதான்.

இன்னொரு விஷயம், மரியாதை. தமிழில் 'வா' வேறு, 'வாங்க' வேறு. கன்னடத்தில் 'பா' வேறு, 'பன்னி' வேறு. தெலுங்கில் 'ரா' வேறு, 'ரண்டி' வேறு. கொஞ்சம் கற்கிறவர்கள் சுலபமான ஒருமையைப் பிடித்துக்கொள்வார்கள். அறுபது வயசு மனிதரை அவர் மொழியிலேயே 'வாடா' என்பதற்கு, தமிழிலேயே பேசியிருக்கலாம். ஆகவே ஒருமையைக் கற்கவே வேண்டாம். மரியாதை வடிவம் மட்டும் போதும்.

வாத்தியார் பக்கத்து நாற்காலியில்

யார் சொல்லித் தருவது? தருமபுரியில் இதற்குப் பதில் வேடிக்கையானது. பத்துப் பேர் வேலை செய்கிற அலுவலகம் என்றால், அதில் ஒருவராவது வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அம்மா போன் செய்தால் வராண்டாவுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவார். மேசைக்கு வந்ததும் தமிழ். அவரை யாரும் தடுக்கவில்லை. 'ஆபீஸ்ல இது பேசற மொழி இல்ல' என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். வேல்ஸின் ஆரஞ்சு பேட்ஜ் முதலில் இவர்களுக்குத்தான் உதவியது. தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பது இரண்டாம் வேலை. தெரிந்தவர் 'எனக்குத் தெரியும்' என்று வெளியே காட்டிக்கொள்ளலாம் என்பதுதான் முதல் வேலை.

அவரிடம் கேட்டுக் கற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மேலே நான் கொடுத்தது பொதுவான கன்னடம், பொதுவான தெலுங்கு. நம் மாவட்டத்து வீடுகளில் பேசுவது அதிலிருந்து விலகி, பாதி தமிழ் கலந்து இருக்கும். அவர் வாயில் வருகிறதே வந்தவருக்கும் பழகியதாக இருக்கும்.

"அவங்க தமிழ் பேசட்டுமே"

இந்த விஷயத்தைப் பேசினாலே வருகிற மறுப்பு இது. காவிரி விவகாரம் சூடாக இருக்கும்போது இன்னும் பலமாக வரும். 1991இலும் 2016இலும் பெங்களூரில் தமிழர்கள் பட்டது யாருக்கும் மறக்கவில்லை. 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. நம் ஜனங்கள் ஃப்ளூரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போகக் கூடாது என்று வந்த திட்டம் அது. 2013இல்தான் தண்ணீர் வந்தது. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் மேசை முன்னால் நிற்கிற பாட்டி காவிரி வழக்கில் கட்சிக்காரர் இல்லை. அதே ஃப்ளூரைடு தண்ணீரைத்தான் அவரும் குடித்தார்.

இன்னொரு மறுப்பு: இப்படி இடம் கொடுத்தால் நாளைக்கு இந்தி வந்து உட்காரும். இதில் யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வங்கியில் உட்கார்ந்திருப்பவர் இந்தி மட்டும் பேசினால் நாம் ஏன் கொதிக்கிறோம்? சேவை செய்கிறவர் மக்கள் மொழிக்கு வரவேண்டும், மக்கள் அவர் மொழிக்குப் போகக் கூடாது என்பதால். திணிப்பு எதிர்ப்பின் அடிப்படை நியாயமே அதுதான். அந்த நியாயம் தமிழருக்கு மட்டும் செல்லும், பென்னாகரத்துக் கன்னடருக்குச் செல்லாது என்றால், அப்புறம் அது நியாயம் இல்லை, வெறும் பலம். தமிழ் ஆட்சி மொழியாகவே இருக்கட்டும். கோப்பும் பலகையும் தமிழிலேயே இருக்கட்டும். இந்த ஆறு வாக்கியத்தால் அதற்கு ஒரு குறையும் வராது.

இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி தேவையில்லை. பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டு ஆறு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மேசையில் உங்கள் பக்கம் பார்த்த மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள். வந்தவர் பக்கம் பார்த்த மாதிரி இன்னொரு தாள்: "கன்னடம், தெலுங்கு கொஞ்சம் பேசுவோம்" என்று அந்தந்த எழுத்தில். படிக்கத் தெரியாதவர் வந்தால் மூன்றாவது வாக்கியத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆறில் ஒன்றுதான் மனசில் நிற்கும் என்றாலும் அந்த மூன்றாவதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வல்ப பருத்தெ. மிச்சத்தை வந்தவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.